தோள எறக்குங்கம்மா

நாங்கள் தருமபுரியில் இருந்த காலத்தில் அந்த ஊரிலேயே உயரமான பெண் குள்ளம்மாள்தான். பெயர் வைத்தவர்கள் தொட்டிலில் பார்த்து வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் யார் பேச்சையும் கேட்டு வளரவில்லை. 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். 'அவர்' என்று எழுதினால், "யாருங்கம்மா அது, எங்கூட்டுக்காரனா?" என்று கேட்டிருப்பாள். ஆனால் என் மனசில் அவளுக்கு இருந்த இடம் வேறு. எனக்கு எழுத்துச் சொல்லித் தந்த வாத்தியாரை ரோட்டில் பார்த்தால் நான் ஒளிந்துகொள்வேன். குள்ளம்மாளைப் பார்த்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். அவள் எனக்குக் கோல்ஃப் சொல்லித் தந்த வாத்தியார்.

சிரிக்க வேண்டாம். முப்பத்தாறாம் வருஷ வாக்கில், காரிமங்கலம் போகிற சாலையில், ஊர் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் ஆபீசர் கிளப்புக்காரர்கள் ஒரு கோல்ஃப் மைதானம் வைத்திருந்தார்கள். மைதானம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஆவாரஞ் செடியையும் சீத்தாப் புதரையும் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள், பாறை இருந்த இடத்தில் பாறை இருக்கும். மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் புல் வளர்ப்பார்களாம். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் புல்லுக்கு யார் ஊற்றுவது? அதனால் குழியைச் சுற்றி வட்டமாக மணலைக் கொட்டி, பழைய எண்ணெய் ஊற்றிப் பிசறி, நெற்களம் மாதிரி தட்டி வைத்திருந்தார்கள். யாராவது அதில் கால் வைத்துவிட்டால் உடனே கூட்டிச் சமன் செய்ய வேண்டும். அந்தக் கூட்டுகிற வேலைக்குத்தான் குள்ளம்மாள் வந்தாள். அவள் புருஷன் சென்னப்பன் அங்கே மாடு கட்டி உருளை இழுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது ரோடு போடுகிற இன்ஜினியர் துரை ஒருவர் இருந்தார். மகா கோபக்காரர். பந்தடிக்கிற கோல்கள் வைத்த அவருடைய பையைத் தூக்குகிற ஆட்கள் ஒவ்வொருவராக ஓடிப்போனார்கள். கடைசியில் குள்ளம்மாள் சீமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் கத்தினால் இவளும் தமிழில் கத்துவாள். இரண்டு பேருக்கும் மற்றவர் பேசுவது புரியாததால் நன்றாக ஒத்துப்போனது. அந்த மைதானத்திலேயே அவர் அடித்தால்தான் பந்து புளியமரம் தாண்டும். வருஷக்கணக்காக அவர் பின்னால் நடந்து அவர் நிற்பது, பிடிப்பது, வீசுவது எல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. காய்ச்சல் கண்டு அவர் சீமைக்குப் புறப்பட்டபோது பையோடு அத்தனை கோல்களையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் கதை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ஒரு தேநீர் விருந்தில் பெரிய துரை ஒருவர், ஆபீசர்களின் மனைவிமார் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கக் கூடாது, காற்றாட வந்து விளையாட வேண்டும் என்று சொல்லிவைத்தார். பெரிய துரை தும்மினால் எங்கள் புருஷன்மார் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவர்கள். மறுநாளே எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுத்தவன் பெண்டாட்டி கையைத் தொட்டுப் பிடிக்கச் சொல்லித்தர முடியாது, அதனால் அவரவர் மனைவிக்கு அவரவரே வாத்தியார் என்று முடிவானது. என் வீட்டுக்காரர் காட்டு ரேஞ்சர். யானை எதிரே வந்தாலும் பதறாத மனுஷன், நான் கோலைத் தூக்கியதும் பதறினார். டாக்டர் வீட்டு சாலம்மாள் புருஷனுடைய தொப்பியைத் தட்டிவிட்டு, அதற்காக ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தாள். தொப்பியைப் பறிகொடுத்தவர்தான் பேசாமல் இருந்திருக்க வேண்டும், ஆனால் சாலம்மாள் வழக்கு அப்படி. குடும்பங்கள் குலைந்துபோகும் போல இருந்தது. அப்போதுதான் யாரோ, "அந்தக் குள்ளம்மா பொம்பளைதானே, அவளே சொல்லித் தரட்டுமே" என்றார்கள்.

அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு கண்டிசனுங்க. நான் மேல போன்னு சொல்றவரைக்கும் யாரும் மேல போவக் கூடாது" என்றாள். நாங்கள் தலையாட்டினோம். எதற்குத் தலையாட்டினோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் பாடம் கொட்டாங்கச்சி. எங்கள் புருஷன்மார் எடுத்த எடுப்பில் பந்தைத் தூரமாக அடிக்கச் சொன்னார்கள். குள்ளம்மாள் மணலில் ஒரு கொட்டாங்கச்சியைப் புதைத்து, ஒரு சாண் தள்ளிப் பந்தை வைத்து, சின்னக் கோலால் உள்ளே தள்ளச் சொன்னாள். சாலம்மாளுக்கு அவமானமாகிவிட்டது. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். "சோத்த வாய்க்குள்ள போடத் தெரிஞ்சவங்கதாங்கம்மா பந்தியில ஒக்காரணும்" என்றாள் குள்ளம்மாள். சாணிலிருந்து முழத்துக்குப் போவோம், முழத்திலிருந்து ஒரு எட்டு. தவறினால் பழையபடி சாணுக்குக் கொண்டுவந்துவிடுவாள். குழியிலிருந்து பின்னால் நடந்து நடந்துதான் நாங்கள் அந்த ஆட்டத்தைக் கற்றோம்.

இரண்டாவது பாடம் கட்டில். தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைச் சுமந்து வந்து நடுவில் போட்டு, பந்து அதைத் தாண்டி அந்தப் பக்கம் பூப்போல விழ வேண்டும் என்பாள். அந்தப் பக்கம் அவளுடைய ஆடு கட்டியிருக்கும். "பலமா அடிச்சா என் ஆட்டு மேல படுங்க, பாத்துக்கங்க" என்பாள். ஆட்டை நினைத்தே எங்கள் கை பதமாகிவிட்டது. ஆடு மட்டும் கடைசிவரை எங்களை நம்பவில்லை. நாங்கள் வருகிறபோதே கயிற்றை இழுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விடும்.

மூன்றாவதுதான் பெரிய ரகளை. களம் கூட்டுகிற நீளச் சீமாற்றை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி வீசிக் கூட்ட வேண்டும். புழுதி ஒரே கோட்டில் எழும்பினால் தேறியாயிற்று. வீட்டில் ஒரு துரும்பைக் கூட எடுத்துப் போடாத சப் ரிஜிஸ்திரார் வீட்டம்மா, "நான் கூட்டறதுக்கா வந்தேன்?" என்று அழாத குறையாகக் கேட்டாள். குள்ளம்மாள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தானும் ஒரு சீமாற்றை எடுத்துப் பக்கத்தில் நின்று கூட்ட ஆரம்பித்தாள். சாலம்மாளிடம் இருந்தால் மல்லுக்கட்டுவாள், பயந்தவளிடம் போனால் பேச்சே இருக்காது, கூட நின்று செய்வாள். ஆளுக்குத் தகுந்த மாதிரி எப்படி மாறினாள் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பின்னால் வந்து நின்று, உள்ளங்கையைத் தோளில் வைத்து, "தோள எறக்குங்கம்மா" என்பாள். கொட்டாங்கச்சியிலும் அதுதான், கட்டிலிலும் அதுதான். பயந்தவளுக்குத் தோள் காது வரைக்கும் ஏறிவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. மூன்று பாடமும் முடித்தவள் முதல்முறையாகப் பெரிய கோலை எடுத்துப் பந்தைப் புளியமரம் வரைக்கும் அடித்துவிட்டால், அன்று அந்தப் பந்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவாள். பந்து வெள்ளைக்காரன் பந்தாக இருந்தால் என்ன?

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் புருஷன்மார் இடது தோள் குழியைப் பார்க்க நின்றார்கள். குள்ளம்மாள் எங்களை வலது தோள் குழியைப் பார்க்க நிறுத்தினாள். அதுபோலவே கோலில் அவர்களுக்கு வலது கை கீழே, எங்களுக்கு இடது கை கீழே. நான் அவளிடம், "எங்க வீட்டுக்காரர் அப்படி நிக்கலையே குள்ளம்மா" என்று கேட்டேன். "அதனாலதாங்க அவரு பந்து புதருக்குள்ள போவுது" என்றாள். அவள் கணக்கு நேரானது. எல்லோரையும்விட நன்றாக அடித்தவர் இன்ஜினியர் துரை, அவர் இந்தப் பக்கம்தான் நின்றார், அவர் கோலும் இந்தப் பக்கம்தான் அடிக்கும். அப்படியானால் மற்றவர்கள் எல்லோரும் தப்பாக நிற்கிறார்கள்.

நாங்கள் வேறு ஒரு காரணம் வைத்திருந்தோம். கைரேகை பார்க்கிறவன் ஆணுக்கு வலது கையைப் பார்ப்பான், பெண்ணுக்கு இடது கையை. மணவறையில் பெண் இடப்பக்கம் உட்காருகிறாள். ஆக ஆட்டத்திலும் ஆம்பளைக்கு வலம், பொம்பளைக்கு இடம் என்று வெள்ளைக்காரனே வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம். இன்ஜினியர் துரையும் ஆம்பளைதானே என்று யாரும் கேட்கவில்லை. புருஷன்மாரும் அதையே நம்பினார்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மற்றவர்களுக்கு இடது கை கீழே வைத்துப் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. எனக்கு மட்டும் அது சொர்க்கமாக இருந்தது. ஏனென்றால் நான் பிறவியிலேயே இடது கைக்காரி.

பாப்பாரப்பட்டியில் என் பிறந்த வீட்டில் அதற்காக நான் பட்ட அடி கொஞ்சநஞ்சமில்லை. இடது கையில் துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிரம்பு அந்தக் கையைத் தேடிவரும். பீச்சாங்கைக்காரி போன வீடு விளங்காது என்று என் அம்மா நம்பினாள். பெண் பார்க்க வந்த அன்று, என் இடது கையில் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், கை தன்னையறியாமல் தட்டைத் தூக்கிவிடுமோ என்று. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. சொல்ல எனக்கு தைரியம் வரவே இல்லை. ஒரே ஒரு காரியத்தை மட்டும் இடது கையால் செய்துகொண்டிருந்தேன். விடிவதற்கு முன்னால், தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்னால், வாசலில் கோலம் போடுவேன். யாராவது வருகிற சத்தம் கேட்டால் மாவை வலது கைக்கு மாற்றிவிடுவேன்.

அப்படிப்பட்டவளை நாலு பேர் பார்க்க இடது கையைக் கீழே வைத்து வீசச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் கொட்டாங்கச்சியை ஒரே நாளில் முடித்தேன். கட்டிலுக்கு வந்த வேகத்தில் சீமாற்றுக்குப் போனேன். என் பந்து புளியமரத்தைத் தாண்டிய அன்று குள்ளம்மாள் கற்பூரம் காட்டிவிட்டு என் கன்னத்தை வழித்தாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. புது சப் கலெக்டர் வந்தார். அவர் மனைவி, துரைசானி, கோல்ஃபில் பெரிய கெட்டிக்காரி. பெண்கள் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசையாகப் பார்க்க வந்தாள். முதலில் சாலம்மாள் போய் நின்றாள். துரைசானி உடனே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் நிற்கச் சொல்லிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் திகைப்பும் சேர்ந்து வந்தது. இங்கிலீஷ் தெரிந்த சாலம்மாள்தான் எங்களுக்குச் சொன்னாள். "இது இடது கைக்காரங்களுக்குச் செய்ற கோலாம். அந்த இன்ஜினியர் துரை இடது கைக்காரராம். நாம எல்லாரும் தலைகீழாப் படிச்சிருக்கோமாம்."

குள்ளம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், மாட்டியதை மறுபடி இறக்கினாள்.

துரைசானி கெட்டவள் இல்லை. இந்தப் பெண்மேல் குற்றமில்லை, பெங்களூரிலிருந்து முறையாகக் கற்றுக்கொடுக்கிற ஒருவனை வரவழைக்கிறேன் என்று அன்பாகத்தான் சொன்னாள். ஒருவன் என்றால் ஆம்பளை. அவன் வந்து கையைப் பிடித்துச் சொல்லித்தர எங்கள் வீடுகளில் விடுவார்களா? குள்ளம்மாள் போனால் அன்றோடு எங்கள் ஆட்டமும் போயிற்று, மறுபடி அடுப்படியும் ஜன்னலும்தான். சாலம்மாள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி மன்றாடினாள். கடைசியில் துரைசானி இறங்கிவந்தாள். பொங்கல் கழித்து வருகிறேன், அதற்குள் இவள் உங்களை நேராகத் திருப்பி நிறுத்திவிட்டால் இவளே இருக்கட்டும், இல்லையென்றால் பெங்களூர் ஆள்தான் என்றாள். தன்னுடைய பழைய வலது கைக் கோல்களையும் அனுப்பிவைத்தாள்.

குள்ளம்மாள் சில நாள் மைதானத்துப் பக்கமே வரவில்லை. சென்னப்பனிடம் கேட்டால், "எவ மூஞ்சியும் பாக்க மாட்டேங்குறா, வூட்ல மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்குறா" என்றான். பிறகு ஒருநாள் சாயங்காலம் நாங்கள் போனபோது மணல் வட்டத்தில் கொட்டாங்கச்சி புதைத்திருந்தது. பக்கத்தில் குள்ளம்மாள் புதுக் கோலோடு நின்றிருந்தாள், இடது தோள் குழியைப் பார்க்க. பந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தள்ளினாள், கொட்டாங்கச்சியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது.

"நானும் உங்ககூட மொதல்லேருந்துதாங்க" என்றாள். "அந்த மனுசன் போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். சரி, சொன்னாலும் எனக்கு வெளங்கியிருக்காது."

அன்றுமுதல் எங்களுக்குச் சொல்லித் தந்தபடியே அவளும் ஒவ்வொரு பாடமாக ஏறினாள். யார் முன்னால் போகிறார்களோ அவர்கள் மற்றவர்களுக்குக் கையைக் காட்ட வேண்டும் என்று புது ஏற்பாடு செய்தாள். சாலம்மாள் கட்டிலைத் தாண்டிவிட்டபோது குள்ளம்மாள் இன்னும் முழத்தில் நின்றுகொண்டிருந்தாள். சாலம்மாள் அவள் பின்னால் போய் எம்பி நின்று, எட்டாத தோளில் கையை வைத்து, "தோள எறக்குங்கம்மா" என்றாள். குள்ளம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களுக்கு வலது கை வசதியாக இருந்ததால் வேகமாகத் தேறினார்கள்.

நான் ஒருத்திதான் தேறவில்லை. எல்லோரும் திரும்பியபோது நானும் திரும்பிவிட்டேன். திரும்பாமல் நின்றால் ஏன் என்று கேட்பார்களே! ஒரு சாணிலிருந்துகூடப் பந்து எனக்கு உள்ளே போகவில்லை. முன்பு முதல் ஆளாக இருந்தவள் ஏன் இப்படித் தடுமாறுகிறாள் என்று சாலம்மாள் குழம்பினாள், பழகின பக்கத்தை மாற்றினால் சிலருக்கு அப்படித்தான் என்று தானே சமாதானமும் சொன்னாள்.

ஒருநாள் மற்றவர்கள் முன்னால் நடந்துவிட்ட பிறகு குள்ளம்மாள் என்னை நிறுத்தினாள்.

"நீங்க எதுக்குங்கம்மா திரும்புனீங்க?"

"எல்லாரும் திரும்பினாங்களே."

"உங்க வூட்டு வாசல் வழியாத்தாங்க நான் தெனமும் மைதானம் கூட்டப் போறேன். நீங்க கோலத்துல குனிஞ்சிருப்பீங்க. நான் வர்றது தெரியாது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லக் கூடாது, என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்று கெஞ்சினேன்.

"நான் எதுக்குங்க சொல்றேன்? நீங்க நேரா நிக்கறது எதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா கை உங்களுது. நீங்களா திரும்பற வரைக்கும் நான் திருப்ப மாட்டேன்" என்றாள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தினமும் எனக்குப் பந்தை ஒரு சாணில் வைத்துக் கொடுப்பாள், அது வெளியே போகும், எடுத்து மறுபடி வைப்பாள்.

பொங்கல் முடிந்து துரைசானி வந்தாள். எங்கள் வீட்டுக்காரர்கள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் குள்ளம்மாளை அடிக்கச் சொன்னாள். அவள் அடித்தது அழகாகப் போகவில்லை, ஆனால் நேராகப் போயிற்று. "நான் இன்னும் சீமாத்துலதாங்க இருக்கேன்" என்றாள், சாலம்மாள் அதை மொழிபெயர்க்கத் திணறினாள். பிறகு சாலம்மாள் அடித்தாள், பந்து எழும்பிப் போனது. சப் ரிஜிஸ்திரார் வீட்டம்மாவின் பந்து கட்டிலைத் தாண்டி ஆட்டின் பக்கத்தில் மெத்தென்று விழுந்தது. துரைசானி கைதட்டினாள். எல்லோர் முகத்திலும் பொங்கல் மறுபடி வந்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டாள்.

வலது கையைக் கீழே வைத்து வீசினேன். கோல் மண்ணில் குத்தியது. மறுபடி வீசினேன், காற்றைத்தான் அடித்தேன். அடுத்தது பட்டது, ஆனால் பந்து பக்கவாட்டில் பாய்ந்து நாற்காலிகளுக்கு நடுவே போனது. டாக்டர் கால்களைத் தூக்கிக்கொண்டார். துரைசானியின் சிரிப்பு நின்றுவிட்டது. இவள் எத்தனை நாளாகப் படிக்கிறாள் என்று கேட்டாள். ஆரம்பத்திலிருந்து என்று சாலம்மாள் மென்று விழுங்கினாள். ஆரம்பத்திலிருந்து படித்தவளுக்கு ஒரு பந்தைத் தொடக்கூட வரவில்லையென்றால் இந்த வாத்தியாரம்மா என்னதான் செய்தாள் என்று துரைசானி குள்ளம்மாளைப் பார்த்துக் கேட்டாள். சாலம்மாள் அதைத் தமிழில் சொன்னாள்.

குள்ளம்மாள் என்னை ஒருமுறை பார்த்தாள். 'அந்தம்மாவுக்குப் பீச்சாங்கைங்க' என்று சொல்லியிருந்தால் போதும். அவள் வேலை பிழைத்திருக்கும், எங்கள் ஆட்டமும் பிழைத்திருக்கும்.

"என் குத்தந்தாங்க" என்றாள். "இவங்களுக்கு நான் சரியாச் சொல்லித் தரலைங்க."

துரைசானி பெருமூச்சு விட்டாள். குள்ளம்மாள் கையிலிருந்த கோலைப் பையில் வைத்துப் பையின் வாயைக் கட்டத் தொடங்கினாள். அவ்வளவு உயரமான பெண் குனிந்து அதைக் கட்டுவதை என்னால் பார்க்க முடியவில்லை. யாருக்கும் எதற்கும் குனிந்தவளல்ல அவள், எனக்காகக் குனிந்தாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. என் அம்மாமேல், பிரம்புமேல், இத்தனை வருஷம் ஒளித்துவைத்த என்மேலேயே வந்தது.

இன்ஜினியர் துரையின் பழைய பை பாறை ஓரத்தில் கிடந்தது. போய் அதிலிருந்து பெரிய கோலை உருவிக்கொண்டு வந்தேன். பந்தை வைத்தேன். வலது தோள் குழியைப் பார்க்க நின்றேன், இடது கையைக் கீழே வைத்தேன். யாரோ "ஐயோ, பழையபடி நிக்கறாளே" என்றார்கள். வீசினேன். பந்து போவதை நான் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மேலே போய்ப் புளியமரத்துக்கு அப்பால் இறங்குவதைப் பார்த்தேன்.

"எனக்குப் பீச்சாங்கைதாங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பொறந்ததுலேருந்தே. இந்தம்மாவுக்கு அது தெரியும். நான் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால சொல்லலை. இவங்க எனக்குச் சரியாத்தான் சொல்லித் தந்தாங்க."

சாலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு கடகடவென்று இங்கிலீஷில் சொன்னாள். துரைசானி என் கோலை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குள்ளம்மாளிடம் போய் நின்றாள். யாரைத் திருப்ப வேண்டும், யாரைத் திருப்பக் கூடாது என்று தெரிந்தவள் இருக்கும்போது பெங்களூர் ஆள் எதற்கு என்றாள். சாலம்மாள் அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே சப் ரிஜிஸ்திரார் வீட்டம்மா குள்ளம்மாளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். கட்டிக்கொண்டது இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான், அதற்குமேல் எட்டவில்லை.

நான் நாற்காலிகள் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு நடந்தபோது என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். நான் ஒவ்வொரு எட்டிலும் செத்துக்கொண்டிருந்தேன். வாசல் வந்ததும் நின்றார். காலையில் நான் போட்ட கோலம் அங்கே பாதி அழிந்து கிடந்தது.

"அதுக்காகவா இத்தனை வருஷமா இருட்டுல எந்திரிச்சே?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"பனியில நின்னு நின்னுதான் உனக்கு இருமல் விடவே மாட்டேங்குது. டாக்டர்கிட்ட எத்தனை தடவை மருந்து கேட்டுட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். அவ்வளவுதான். இந்த மனுஷனுக்கா இத்தனை நாள் பயந்தேன் என்று நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நாற்பத்தாறில் எங்களுக்கு மாற்றலாகும்வரை குள்ளம்மாள்தான் எங்களுக்கு வாத்தியார். சண்டைக் காலத்தில் பந்து கிடைக்காதபோது மாட்டு ரோமத்தை உருட்டிப் பந்து செய்து கொடுத்தாள், அது மூன்றாவது அடியில் பிரிந்துவிடும். புதிதாக ஒருத்தி வந்தால் முதல் நாள் கோலைக் கொடுக்க மாட்டாள். ஒரு பந்தைத் தரையில் போட்டு, எடுத்துக் கொடுங்கள் என்பாள். எந்தக் கை முதலில் நீள்கிறது என்று பார்ப்பாள். அது என்னால் வந்த புதுப் பாடம். ஊரைவிட்டுக் கிளம்பியபோது இன்ஜினியர் துரையின் பையை என் வண்டியில் தூக்கி வைத்தாள். இன்றும் அது என்னிடம்தான் இருக்கிறது.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது, துரைசானி முன்னால் நான் உண்மையைச் சொன்னதற்கு மறுநாள் காலைதான். அன்று நான் நன்றாக வெயில் வந்த பிறகு எழுந்தேன். வாசலைத் தெளித்துவிட்டு, மாவுக் கிண்ணத்தோடு தெருவைப் பார்க்க உட்கார்ந்தேன். பால்காரன் போனான். எதிர் வீட்டில் இரண்டு பேர் பல் துலக்கிக்கொண்டு நின்றார்கள். இடது கையால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொருவர் பார்வையும் அந்தக் கையில் குத்துவது தெரிந்தது. அதே நேரத்தில் எப்போதும் போலத் தோளில் சீமாற்றோடு குள்ளம்மாள் வந்தாள். போகவில்லை, பின்னால் வந்து நின்றாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று கை அப்படியே நின்றுவிட்டது. அவள் உள்ளங்கை என் தோளில் விழுந்தது.

"தோள எறக்குங்கம்மா" என்றாள்.

இறக்கினேன். அவள் மைதானம் கூட்டப் போனாள்.